ஸ்வீடனில் யூனியன் சந்தா தண்டமா?

தம்பி, சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோம் வந்து இறங்கிய கையோடு மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸில் யூனியனில் சேரச் சொல்கிறார்களே, மாதம் சில நூறு குரோனர் தண்டச் செலவா? சேர்ந்தால் எச்.ஆர். நம்மை ஒரு மாதிரி பார்க்குமா? இவ்வளவு வரி பிடிக்கிறார்களே, நமக்கு என்னதான் கிடைக்கும்?

சேருங்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் எச்.ஆரிடம் ஒன்று கேளுங்கள்: நம் கம்பெனிக்கு 'கொலெக்டீவ்அவ்தால்' இருக்கிறதா? அதாவது யூனியனோடு கூட்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா? இங்கே உங்கள் வேலை வாழ்க்கையில் பாதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. நம் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு துறையிலும் யூனியனும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் கூலி. 1931-இல் ஓதாலென் பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1936-இல் சில மாதங்களைக் கழித்துவிட்டால் 1976 வரை இறங்கவே இல்லை. 1938-இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் யூனியன்களும் முதலாளிகளும் கையெழுத்துப் போட்டார்கள்: எங்கள் தகராறை நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம், அரசு நடுவில் வர வேண்டாம் என்று. இன்றும் ஏறத்தாழ அப்படித்தான் ஓடுகிறது. ஊழியர்களில் பத்துக்கு ஏழு பேர் யூனியனில் இருக்கிறார்கள். உங்கள் மேனேஜரே உறுப்பினராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு யூனியன் என்றாலே வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இங்கே சங்கத்தில் சேரும் உரிமையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சேர்ந்ததற்காக உங்களை ஒதுக்கினால் வழக்கு முதலாளி மேல்தான் பாயும். இங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் போட மறுத்த டெஸ்லாவை எதிர்த்து ஐ.எஃப். மெட்டால் யூனியன் 2023 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆண்டுக்கணக்காக நீண்டுவிட்டது. துறைமுகத்தில் அந்தக் கார்களை இறக்க மறுத்தார்கள். தபால்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். இப்படி மற்ற யூனியன்கள் தோள் கொடுப்பது இங்கே சட்டப்படியே செல்லும்.

சரி, ஒப்பந்தம் இருந்தால் உங்களுக்கு என்ன? 25 நாள் ஆண்டு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. கோடையில் நான்கு வாரம் தொடர்ச்சியாகக் கேட்கும் உரிமையும் உண்டு. அதற்கு மேலான பென்ஷன், காப்பீடு, ஓவர்டைம் கணக்கு எல்லாம் ஒப்பந்தத்தில்தான் வரும். நான் முன்பு இருந்த இடத்தில் ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது இங்கத்திய பொது விதி. நம் ஆட்கள் பலர் கடைசியில் சேர்ந்தவர்கள். யூனியன் ஆட்கள் ஒரு நீள மேசையில் நிர்வாகத்தோடு பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பேசினார்கள். எல்லாரையும் காப்பாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் போனவர்களுக்குக் கூடுதல் மாதச் சம்பளம் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வேலை தேட உதவும் டி.ஆர்.ஆர். என்ற அமைப்பும் அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் கிடைத்தது.

இன்னொன்று, இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். யூனியன் வேறு, 'ஆ-காஸ்ஸா' வேறு. வேலை போனால் பணம் தருவது ஆ-காஸ்ஸா. அரசாங்கம் தானாகச் சேர்த்துவிடாது, நீங்கள்தான் சேர வேண்டும். உறுப்பினராகி 12 மாதம் ஆனால்தான் முழு அளவு கிடைக்கும். முதல் சம்பளம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். அதிலும் உச்சவரம்பு இருப்பதால் ஐடி சம்பளத்துக்கு அது போதாது. அதற்கு மேல் ஈடுகட்டும் காப்பீடு பல யூனியன்களின் சந்தாவிலேயே அடக்கம். சந்தா தண்டமா என்றால் எனக்கு இது ஒன்றே போதும்.

வரிக்கு வருவோம். பே ஸ்லிப்பில் பிடிப்பதாகத் தெரியும் முப்பது சொச்சம் விழுக்காடு பெரும்பாலும் நகராட்சிக்கும் மண்டலத்துக்கும் போகிறது: பள்ளி, முதியோர் பராமரிப்பு, மருத்துவமனை. அதற்கு மேல் 31.42 விழுக்காடு முதலாளி தன் பங்காகக் கட்டுகிறார். பென்ஷனும் நோய்க்காலப் பணமும் பிள்ளைப்பேறு விடுப்பும் அதிலிருந்து வருபவை. குழந்தை பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்குக் கொடுக்கவே முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'வாப்' என்று ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால் முதல் ஏழு நாள் டாக்டர் சீட்டே வேண்டாம். ஆனால் முதல் நாளுக்கு ஒரு பிடித்தம் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

மருத்துவத்தில் மட்டும் எனக்குக் குறை உண்டு. காசு குறைவு, காத்திருப்பு அதிகம். சிறப்பு மருத்துவரை 90 நாளுக்குள் பார்க்கலாம் என்பது உத்தரவாதம். அது தவறுவதும் சகஜம். தொண்டை வலி என்று மருத்துவ ஆலோசனை எண்ணான 1177-க்குப் போன் போட்டால் அல்வெடான் (நம் ஊர் பாராசிட்டமால்தான்) போட்டுத் தூங்கச் சொல்வார்கள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்த நமக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இங்கே பதிவாகி மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தால், குடியுரிமை இல்லாமலே நகராட்சி, மண்டலத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நீங்கள் கட்டும் வரியின் பெரும்பகுதி எங்கே போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது, விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கம்பெனியில் ஒப்பந்தம் இல்லை என்று பதில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். பென்ஷன், உயிர்க்காப்பீடு, விபத்துக் காப்பீடு, நோய்க் காப்பீடு நான்கும் எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கின்றன என்று மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். முதலாளி ஒரு காப்பீடு எடுக்க மறந்ததற்காக ஐடி ஆட்களுக்கு வேலை பர்மிட் நீட்டிப்பு மறுக்கப்பட்டது 2010-களில் இங்கே பெரிய செய்தி. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதங்களை இன்னும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.