அப்பாவின் இரத்தத்தில் குறைந்தது எந்தப் புரதம்?

கேள்வி: ரங்கூனில் வசிக்கும் என் அப்பாவுக்கு வயது 64. சி.எல்.எல். என்னும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்காக, ரிட்டுக்ஸிமாப் சேர்ந்த கீமோ மூன்று சுற்று முடிந்துள்ளது. மொத்தப் புரதம் 7.1-இலிருந்து 5.4-ஆக இறங்கிவிட்டது, அல்புமின் 3.7. தினமும் முட்டையும் பருப்பும் கொடுத்தும் ஏறவில்லையே, ஏன்? அவர் தோட்ட வேலை செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் சமையலில் குறையில்லை. 5.4-இலிருந்து 3.7-ஐக் கழித்தால் வரும் 1.7-தான் குளோபுலின், அது பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். சாப்பாடு குறைந்தாலோ, கல்லீரல் தளர்ந்தாலோ, சிறுநீரில் புரதம் ஒழுகினாலோ முதலில் இறங்குவது அல்புமின். அப்பாவுக்கு அது ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. குறைந்திருப்பது, கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலினாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அதைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் பி-லிம்போசைட் என்ற வெள்ளையணுவிலிருந்து உருவாகின்றன. இந்த நோயில் பெருகுவதும் அதே வகை அணுதான் என்றாலும், பெருகியவை வேலைக்கு உதவாதவை. நல்லவற்றுக்கும் அவை இடம் கொடுப்பதில்லை. ஆகவே மருந்து தொடங்கும் முன்பே பலருக்கு இக்குறைவு இருக்கும். நோயுற்ற அணுக்களோடு நல்ல அணுக்களையும் சேர்த்தே அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் அதை மேலும் ஆழமாக்கி, சிகிச்சை முடிந்த பின்னும் பல மாதங்கள் நீடிக்கச் செய்யலாம். முட்டை உடம்புக்கு வலுத் தரும், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் சுரக்கும் அணு இல்லாதபோது அது எதிர்ப்புப் புரதமாக மாறாது.

அடுத்த முறை ஐ.ஜி.ஜி. என்ற முக்கிய இம்யூனோகுளோபுலின் வகையின் அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 700 முதல் 1600 மில்லிகிராம் வரை இயல்பு. அது 400-க்கும் கீழே போய், நிமோனியா போன்ற கடுமையான தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றுவதுண்டு. விலை அதிகம், எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்றொரு புரதமும் அறிக்கையில் இருந்து, அது இறங்கியிருந்தால் மகிழுங்கள். நோயின் சுமை குறைவதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

நாப்பி என்னும் புளித்த மீன் விழுதில் தொட்டுத் தின்னும் பச்சைக் காய்கறியை இப்போதைக்கு வேகவைத்துக் கொடுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி எதுவும் கூடாது. ஃபுளூ, நிமோனியா ஊசிகளை எப்போது போடலாம் என்று சிகிச்சை மருத்துவரைக் கேளுங்கள்.

தோட்ட வேலை, முக்கியமாக மழைக்காலத்தில், வேண்டாம். ஈர மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை 1912-இல் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இருவர் முதன்முதலில் விவரித்ததே ரங்கூன் நோயாளிகளிடம் கண்டுதான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்; அண்மையில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கியிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள், ஏனெனில் அந்தக் கிருமிக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்கே வேறு.