திராட்சைத் தோட்டத்தில் இரண்டு நாள்

கேள்வி: நாங்கள் ஐவரும் கல்லூரிக் காலத்துத் தோழிகள், ஐம்பது வயதை நெருங்குகிறோம். பெங்களூரில் இருப்பவள், நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தங்கி, அங்கே தயாராகும் வைனைச் சுவைத்துப் பார்க்கலாம் என்று அழைக்கிறாள். எங்களில் இருவர் மதுவைத் தொட்டதில்லை. அங்கே வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டி வருமோ என்று தயங்குகிறார்கள். மற்றவர்களுக்கும் வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. போகலாமா?
– வாசகி, திருநகர், மதுரை.

பதில்: அவசியம் போய் வாருங்கள், சகோதரி. ஆனால் நந்தி மலைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடியை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி அமைப்பதால், ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, அண்மையில் மருந்து அடித்தாரா என்பதையும் விசாரித்துக்கொண்டு, பந்தலுக்குள் குனிந்து நுழையுங்கள்.

அங்கே ஒரு பழத்தைக் கழுவி, மூன்றாகப் பிரித்துத் தின்று பாருங்கள். விரலால் நசுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதில் இனிப்பும் அதன் அடியில் இலேசான புளிப்பும் இருக்கும், நிறம் இருக்காது. கையில் மிஞ்சிய கருநீலத் தோலைத் தனியாக மெல்லுங்கள். நாக்கில் சாயம் ஏறும், ஈறுகளில் துவர்ப்புப் பிடிக்கும். கடைசியாக விதையைக் கடித்தால் கசப்போடு துவர்ப்பு இன்னும் கூடும். கறுப்புத் திராட்சையின் சாற்றைத் தோலோடும் விதையோடும் ஊறிப் புளிக்க விட்டால் அது சிவப்பு வைன். பெரும்பாலும் பச்சைத் திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க விட்டால் அது வெள்ளை வைன். பழத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. வைனில் அது பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்.

வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைனுக்குப் புதியவர்கள் பலர் முதலில் திணறுவது, ஆங்கிலத்தில் ‘டானின்’ என்று சொல்லப்படும் அந்த வாய் இறுக்கும் தன்மையை அடையாளம் காண்பதில்தான். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி, நாவல் பழத்திலும் வாழைப்பூவிலும் கொட்டைப்பாக்கிலும் அதை வாய் நிறைய அறிந்தவர்கள் நாம். நாவல் பழம் தின்ற பிறகு நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்வதை நினைத்துக்கொண்டு ஒரு மிடறு சிவப்பு வைனை வாயில் வைத்தால், அது உங்களுக்குத் தெரிந்த சுவையாகத்தான் இருக்கும்.

நந்தி மலைப் பகுதியில் பல ஆண்டுகளாகவே பிரெஞ்சுத் திராட்சை வகைகளைப் பயிரிட்டு வைன் தயாரிக்கிறார்கள். அந்த உயரத்தில் இரவுகள் குளிர்ந்திருப்பதால் பழத்தின் புளிப்பு அழியாமல் நிற்கிறது. புளிப்பு இல்லாத வைன் சப்பென்று இருக்கும். அங்கே பொதுவாக நான்கைந்து வகைகளைச் சிறிது சிறிதாக ஊற்றித் தருவார்கள். முதலில் நிறத்தைப் பாருங்கள், கோப்பையைச் சுழற்றி முகருங்கள், பிறகு ஒரு மிடறை வாய் முழுதும் புரட்டிவிட்டு, அதற்கென வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள். அதை ஒருவரும் அநாகரிகமாக நினைக்க மாட்டார்கள். தொழிலாகச் சுவைப்பவர்கள் பெரும்பாலும் துப்புகிறவர்களே.

மது அருந்தாத இரு தோழிகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். வைனில் பாதிக்கு மேல் மூக்கால் அறிவதுதான். அவர்கள் கோப்பையை முகர்ந்து, எலுமிச்சைத் தோலா, மிளகா, நனைந்த மண்ணா என்று சொல்லட்டும். குடித்தவர்கள் அதைச் சரிபார்க்கட்டும். ஒரு வாய்கூட வைக்காத அவர்களைப் பரிகாசம் செய்வதோ, ‘ஒரு சொட்டுத்தானே’ என்று வற்புறுத்துவதோ மட்டும் கூடவே கூடாது. நீண்ட நாள் நட்பு கசந்துபோக அது ஒன்றே போதும்.

மதுரைக்காரர்களான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுவைக்கப் போகும் அன்று தலையில் மல்லிகைச் சரம் வேண்டாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட வேறு மணம் தெரியாதபடி அது மூடிவிடும். பூவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காரச் சட்னியைத் தவிர்த்து இட்லியோ பொங்கலோ சாப்பிடுங்கள்.

வண்டியை உங்களில் யாரும் ஓட்ட வேண்டாம். ஓட்டுநரோடு வேன் பேசிக்கொள்ளுங்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் இருந்தால், முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிட்டுத் துப்புவதா, முகர்வதோடு நிறுத்துவதா என்று முடிவு செய்யட்டும்.

கேள்வி: பரிசாக வந்த சிவப்பு வைனை ‘அறை வெப்பத்தில்’ பருகச் சொல்கிறார்களே, சரியா?
– வாசகர், மேலூர்.

பதில்: அது குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்துச் சொன்னது, சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். மேலூரில் சித்திரை மாதத்து அறையில் வைத்தால் ஆல்கஹால் வாடைதான் முன்னால் நிற்கும். திறப்பதற்கு முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.