தோட்டத்து அறையில் ஆபீஸ் போடலாம், அப்பாவைப் படுக்க வைக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தில் வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள். பின்தோட்டத்தில் தனியாக ஓர் அறை கட்டி, பகலில் ஆபீஸாகவும் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் தங்கும் இடமாகவும் வைத்துக்கொள்ளலாமா, கவுன்சில் என்கிற உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம். கட்டில் போட்டால் கதையே வேறு. விற்பனைக்காரர்கள் மேசையையும் சோபா கட்டிலையும் ஒரே படத்தில் காட்டி ஆசை மூட்டுவார்கள். சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

முதலில் ஆபீஸ். நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. இங்கே தோட்டத்து அறை ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்ற பொது அனுமதிக்குள் வந்துவிடும். ஒரே தளம்தான் இருக்கவேண்டும், வீட்டு முகப்புக்கு முன்னால் வரக்கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது. பழைய ஷெட்டும் பின்னாளில் இழுத்துக் கட்டிய பகுதியும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் எல்லாரையும் இடறிவிடுவது உயரம்தான். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. நமக்கு வாய்க்கிற தோட்டங்களில் இரு பக்கமும் 2 மீட்டர் விட்டால் நடுவில் ஒரு குடைதான் விரிக்கலாம், அதனால் கிட்டத்தட்ட எல்லாரும் 2.5-க்குள்தான் கட்டுகிறோம். அதிலும் அடித்தளம், தரை, வெப்பம் காக்கும் அட்டை, கூரை எல்லாம் போக உள்ளே கிடைப்பது சுமார் 2.1, 2.2 மீட்டர். விலை பேசும்போது உள் உயரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ஃபிளாட்டுகளுக்கு இந்தப் பொது அனுமதிச் சலுகை கிடையாது. சில புது எஸ்டேட் வீடுகளிலும் நிபந்தனை போட்டு எடுத்துவிட்டிருப்பார்கள். வீடு வாங்கும்போது சொலிசிட்டர் (வக்கீல்) அனுப்பிய காகிதக் கட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இனி கட்டில் விஷயம். 15 சதுர மீட்டருக்குள், தூங்கும் வசதி இல்லாத அறை என்றால் பொதுவாக பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்கிற கட்டடத் தர விதிகள் கேட்காது. 30 வரை போகலாம்; ஆனால் எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும், அல்லது பெரும்பாலும் தீப்பற்றாத பொருளால் கட்டவேண்டும். தூங்குவதற்கென்று அமைத்துவிட்டால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த விலக்கு போயிற்று. தீப் பாதுகாப்பு, காற்றோட்டம் என்று எல்லாம் பார்ப்பார்கள். தொல்லைதான், ஆனாலும் நியாயமான விதி: தூங்குகிற மனிதருக்குப் புகை வாசனை தெரியாது. அதற்கு மேல் கிச்சன், ஷவர் வைத்துத் தனிக்குடித்தனம் ஆக்கினால் பிளானிங் பெர்மிஷன், அதாவது கவுன்சிலில் விண்ணப்பித்து வாங்கும் அனுமதி வேண்டும். கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரியும் தனியாக வரலாம்.

“அனுமதி இல்லாமல் கட்டி நாலு வருஷம் யாரும் கேட்கவில்லை என்றால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது” என்று பழைய ஆட்கள் தைரியம் சொல்வார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்தக் கெடு 10 வருஷம். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, சட்டத்தை விடுங்கள். விசிட்டர் விசாவில் அம்மா அப்பா அதிகபட்சம் 6 மாதம் இருப்பார்கள். அதில் ஒரு பகுதி குளிரில் மாட்டிக்கொள்ளும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், புல் வழுக்கும். ராத்திரி 2 மணிக்கு அப்பா மங்கி குல்லாயும் ஸ்வெட்டருமாக டார்ச் அடித்துக்கொண்டு, பூட்டிய பின்கதவைத் தட்டி டாய்லெட்டுக்கு வரவேண்டுமா? பகலெல்லாம் நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள்; அவர்கள் மதியம் ஒரு மணி நேரம் படுக்கக்கூட உங்கள் காலண்டரைப் பார்க்கவேண்டும். ஆகவே ஆபீஸை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் காலியாகும் அந்தச் சின்ன பெட்ரூமைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள் என்பேன். நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அம்மா காலையில் காபியோடு தோட்டத்தைத் தாண்டி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டுவார், கேமரா ஓடுகிறதா என்று சைகையில் கேட்டபடி.

கட்டுவது என்று முடிவானால் தரைக்கும் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் மிச்சம் பிடித்தால் ஜனவரியில் கால் விறைக்கும், ஹீட்டர் தலைக்கு மேலே மட்டும் சுடும். மின்சாரத்துக்குப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனையே பிடியுங்கள். புது சர்க்யூட் என்பதால் அவரே முறைப்படி தெரிவித்துச் சான்றிதழ் கொடுப்பார், வீட்டை விற்கும்போது அதைக் கேட்பார்கள். மின்சாரம் கொண்டுபோகும் கவசக் கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போதே வெளிப்புறத்துக்கான நெட்வொர்க் கேபிளையும் தனிக் குழாயில் போட்டுவிடுங்கள். வீட்டு வைஃபை அத்தனை தூரம் வந்து சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். பள்ளத்தை மூடுவதற்கு முன் வேலி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு செடி வைக்க மண்வெட்டியை எங்கே போடக்கூடாது என்று தெரியும்.