எம்.பி. எதிர்த்துத்தான் வாக்களித்தாரா? காசு கொடுக்காமல் பார்க்கும் வழி

கேள்வி: யாழ். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எங்கள் சனசமூக நிலையத்துக்கு வந்து, ஒரு சட்டமூலத்துக்குத் தான் எதிராக வாக்களித்ததாகச் சொன்னார். பேஸ்புக்கிலும் அதையே போட்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் சபையிலேயே இல்லை என்று ஒரு யூரியூப் சனல் சொல்கிறது. ஊரில் இரண்டு பக்கமாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள். உண்மையை எப்படி அறியலாம்? பாராளுமன்றத்தில் இருந்து உறுதிப்படுத்திய கடிதம் எடுத்துத் தருவதாக ஒருவர் 5,000 ரூபாவும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், உரும்பிராய்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாவும் வேண்டாம், அடையாள அட்டைப் பிரதியும் வேண்டாம். நீங்கள் தேடுவது ரகசியமான ஒன்றல்ல. சபையில் பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடந்திருந்தால், யார் எந்தப் பக்கம் என்பது ஹன்சாட்டில், அதாவது சபையில் நடந்ததை அப்படியே பதியும் பாராளுமன்ற அறிக்கையில், அச்சாகும். ஹன்சாட் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் எல்லாருக்கும் இலவசம். கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். கையில் கடதாசியாக வேண்டுமென்றால் தேவையான இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் பக்கத்துக் கொமினிகேஷனில் பிரின்ட் எடுங்கள்.

உறுப்பினரின் பெயரையும் சட்டமூலத்தின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து நீக்கிவிட்டேன். யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதலில் திகதியைப் பிடியுங்கள். உங்கள் ஊர்ச் சண்டையில் இரண்டு பக்கமும் சொல்லாத விடயம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு சட்டமூலத்துக்கு இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு என்று கட்டங்கள் உண்டு. வாக்கெடுப்பு இரண்டாம் வாசிப்பிலும் வரலாம், மூன்றாம் வாசிப்பிலும் வரலாம். வரவு செலவுத் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் வாரக்கணக்கான இடைவெளி இருக்கும். ஒன்றில் எதிர்த்து வாக்களித்தவர் மற்றதில் சபையில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் உங்கள் எம்.பி. சொன்னதும் சரி, யூரியூப்காரர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் அரைவாசிதான் சொல்லியிருக்கிறார்கள்.

திகதி தெரிந்ததும் அந்த நாளின் ஹன்சாட்டை இறக்கிக்கொள்ளுங்கள். நீளமான பி.டி.எஃப். கோப்பு அது. அதற்குள் தமிழில் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. எழுத்துரு பழையது. இந்த இடத்தில்தான் பலர் “அவர் பெயரே இல்லை” என்று முடிவுகட்டி, அதை வட்ஸ்அப்பிலும் போட்டுவிடுகிறார்கள். பேசுகிறவரின் பெயர் அங்கே மூன்று மொழிகளிலும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும்: மேலே சிங்களம், அதன் கீழே அடைப்புக்குள் தமிழ், அதற்கும் கீழே ஆங்கிலம். ஆகவே அவருடைய பெயரை ஆங்கில எழுத்தில் தேடுங்கள். ஒரு எழுத்துக்கூட்டலில் வராவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள். அப்படியும் இல்லையென்றால், அந்த விவாதம் முடியும் இடத்துக்குப் போய் வாக்குப் பட்டியலைக் கண்ணாலேயே பாருங்கள். சார்பாக ஒரு பட்டியல், எதிராக ஒரு பட்டியல். மொத்தமே 225 பேர், அரைமணி நேரம்கூட எடுக்காது.

பட்டியலே இல்லாவிட்டால்? நீங்கள் கேட்டதைவிட இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாச் சட்டமூலமும் பெயர் பதிந்து நிறைவேறுவதில்லை. சபாநாயகர் கேட்பார், சபையிலிருந்து குரல் வரும், “நிறைவேற்றப்பட்டது” என்று முடிந்துவிடும். யாருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆனால் உறுப்பினர் ஒருவர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால் நிலைமை மாறும். மணி அடிக்கும், வெளியே நின்றவர்களும் உள்ளே வருவார்கள், ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே அவருடைய முடிவு பதிவாகும். அப்படிக் கேட்பதற்குக் கட்சி பெரிதாக இருக்கவேண்டும் என்றில்லை. அந்தக் கதிரையில் இருந்து எழுந்து ஒரு வசனம் சொன்னால் போதும்.

ஆகவே ஒரு எம்.பி. ஊருக்கு வந்து “நான் எதிர்த்தேன்” என்று சொன்னால், அவர் எதிர்த்துப் பேசினாரா, எதிர்த்து வாக்களித்தாரா என்று பிரித்துக் கேளுங்கள். பேச்சு ஹன்சாட்டில் இருக்கும், பேஸ்புக்கில் வெட்டிப் போட்ட துண்டும் இருக்கும். பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடக்காவிட்டால் வாக்கு மட்டும் இருக்காது. “வாக்கெடுப்பே நடக்கவில்லையே, நான் என்ன செய்ய?” என்று அவர் சொன்னால், விடாதீர்கள். “அன்றைக்கு நீங்கள் சபையில் இருந்தீர்கள்தானே, நீங்கள் ஏன் வாக்கெடுப்புக் கேட்கவில்லை?” என்று கேளுங்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பாதியை இந்த ஒரு கேள்விக்கு ஒதுக்கலாம். நான் பார்த்த எத்தனையோ கூட்டங்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

பட்டியல் இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் அவர் பெயர் இல்லை என்றால், அவர் வாக்களிக்கவில்லை. இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது சார்பாக 108 வாக்குகள், எதிராக 62. கூட்டினால் 170. சபாநாயகரையும் சேர்த்து 55 பேர் இரண்டு கணக்கிலும் இல்லை. அதற்கு முன்னர் வெளியே எதிர்த்துப் பேசாத அரசியல்வாதியைத் தேடவேண்டியிருந்த சட்டம் அது. இப்போது அது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். எதிர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாக்களிக்க வராத ஒவ்வொருவரும் அந்த 55 பேருக்குள் இருக்கிறார்கள்.

“அன்று நான் வந்திருந்தேன், வரவுப் பதிவில் பெயர் இருக்கிறது” என்று காட்டுவார்கள். பாராளுமன்றக் கூட்ட அறிக்கையில் வந்தவர்களின் பெயர்கள் இருக்கும், அது உண்மைதான். ஆனால் காலையில் வந்து முகத்தைக் காட்டியதற்கும் மாலையில் வாக்கெடுப்பு நேரத்தில் கதிரையில் இருந்ததற்கும் தொடர்பில்லை. வரவை வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மந்த்ரி.எல்கே போன்ற தளங்கள் உறுப்பினர்களை வரிசைப்படுத்துவதையும் அப்படி எடுக்கவேண்டாம். ஹன்சாட்டை வைத்து உழைத்துச் செய்கிறார்கள், பயனுள்ள வேலை. ஆனால் அந்த வரிசை சபையில் எவ்வளவு பங்குபற்றினார் என்பதைக் காட்டுவது, எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை அல்ல. “எங்கட ஆள் முதல் பத்துக்குள்” என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் ஆறுதலாக விளக்கவேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகள், டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. நான்கு வாக்குகள் செல்லுபடியாகவில்லை, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. இது சட்டமூலத்துக்கான வாக்கெடுப்பு மாதிரி அல்ல. 1981 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடந்த இரகசிய வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டார்கள், எண்ணினார்கள், அவ்வளவுதான். யார் யாருக்குப் போட்டார் என்ற பட்டியல் எங்கேயும் இல்லை. ஹன்சாட்டிலும் இல்லை, தகவல் அறியும் சட்டத்தில் கேட்டாலும் வராது, சபாநாயகருக்கும் தெரியாது. வாக்களிக்காமல் விட்டது மட்டும் கண்ணுக்குத் தெரியும். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் இரண்டு உறுப்பினர்களும் அன்று வாக்களிக்காததை வெளிப்படையாகவே சொன்னார்கள், அது சரிபார்க்கக்கூடிய விடயம். மற்றபடி “நான் கட்சி முடிவின்படிதான் போட்டேன்” என்று ஒருவர் சொல்வதும் நிரூபிக்க முடியாதது, “அவர் காசுப் பெட்டி வாங்கிக்கொண்டு மாறிப் போட்டார்” என்று இன்னொருவர் சொல்வதும் நிரூபிக்க முடியாதது. அந்த வாக்கெடுப்பின் “லிஸ்ட்” என்று உங்கள் போனுக்கு ஏதாவது வந்தால் அது யாரோ இருந்து தட்டியது. சபாநாயகர் பதவிக்குப் போட்டி வந்தாலும் இதே மாதிரி இரகசிய வாக்குத்தான்.

இனி வீடியோத் துண்டுகள். ஒரு எம்.பி. சபையில் ஆவேசமாகப் பேசும் ஒரு நிமிடத் துண்டு, மேலே இசை, கீழே சிவப்பு எழுத்து. திகதி இருக்காது. போன வருடம் வேறு விவாதத்தில் பேசியதை இந்தச் சட்டமூலத்துக்குப் பேசியதாகப் போட்டால் யாருக்குத் தெரியும்? பேச்சில் வரும் ஏதாவது ஒரு பெயரையோ இலக்கத்தையோ பிடித்து அந்த நாளின் ஹன்சாட்டோடு ஒத்துப்பாருங்கள். சபாநாயகர் உத்தரவிட்டால் சில வசனங்கள் ஹன்சாட்டிலிருந்து நீக்கப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2025 மார்ச்சில் எங்கள் மாவட்ட உறுப்பினர் ஒருவரின் உரைகளை எட்டு அமர்வு நாள்களுக்கு நேரடியாக ஒளிபரப்பக்கூடாது என்று உத்தரவு வந்ததையும் பார்த்தோம். ஆகவே வீடியோ இல்லை என்பதற்காகப் பேசவில்லை என்று சொல்லமுடியாது. இணையத்தில் முதலில் வருவது பிழை திருத்தப்படாத பிரதி. உறுப்பினர்கள் இரண்டு வாரங்களுக்குள் திருத்தங்களை அனுப்பலாம்.

இப்போது அந்த 5,000 ரூபாக் காரருக்கு வருகிறேன். இவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கமும் கட்சி அலுவலகங்களின் பக்கமும் நிறைய இருக்கிறார்கள். மனு தட்டச்சு செய்து பிழைக்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் செய்த வேலைக்குக் காசு வாங்குகிறார்கள். நான் சொல்வது “எம்.பி.யின் ஆள்”, “இணைப்பாளர்”, “கொழும்பில் எனக்கு ஆள் இருக்கிறது” என்று வருகிறவர்களை. இலவசமான ஒன்றைக் காசாக்குவதுதான் அவர்களின் தொழில். தகவல் அறியும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம், படிவம்கூடக் கட்டாயம் இல்லை. பாராளுமன்றத்தின் பொது மனுக் குழுவுக்கு ஒரு உறுப்பினர் மூலம் மனுக் கொடுப்பதற்கும் காசில்லை. காணி, ஓய்வூதியம், நட்டஈடு என்று அலைகிற வயதானவர்களிடம் இவற்றுக்கெல்லாம் காசு வாங்குகிறார்கள். அடையாள அட்டைப் பிரதி கேட்பது இன்னும் மோசம். நாளைக்கு உங்கள் பெயரில் எந்த மனுவில் எந்தக் கையெழுத்து இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிந்து வையுங்கள்.

இந்தத் தரகர்கள் முளைப்பதற்குப் பாராளுமன்றமும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹன்சாட்டில் ஒருவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகிறது. எங்கள் உறுப்பினர் வலிகாமம் வடக்குக் காணியைப் பற்றித் தமிழில் கேட்பார், அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்வார். காணிக்காரருக்குக் கேள்வி விளங்கும், பதில் விளங்காது. அவருக்குத் தேவையானது பதில். தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி எத்தனை வருடம் போய்விட்டது! சபைக்குள்ளே உரைபெயர்ப்பாளர்கள் இருந்து உடனுக்குடன் மொழிபெயர்க்கிறார்கள். உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் அந்த வசதி, அவர்களை அனுப்பிய சனத்துக்கு எழுத்தில் கிடைப்பதில்லை. வாக்குப் பட்டியலைத் தனியாக, தமிழில், தேடக்கூடிய எழுத்துருவில் போடுவதற்கு ஒரு ஊழியருக்கு ஒரு மணித்தியால வேலை. அதைச் செய்தால் என்னைப் போன்றவர்கள் இந்தப் பதிலை எழுதவேண்டியே இருக்காது.

எல்லாம் பார்த்தும் தெளிவு வராவிட்டால், பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இன்ன திகதியில் இன்ன சட்டமூலத்துக்குப் பெயர் பதிந்த வாக்கெடுப்பு நடந்ததா, நடந்திருந்தால் பட்டியலின் பிரதி தருக என்று இரண்டே வரி போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். பாராளுமன்றச் சிறப்புரிமை என்று சொல்லித் தட்டிக்கழிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அச்சில் வெளிவந்த வாக்குப் பட்டியலுக்கு அதைச் சொல்லமுடியாது.

அதைவிட முதல் வேலை, உங்கள் சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில் அந்த எம்.பி.க்கே எழுதுவது. எந்தத் திகதி, எந்த வாசிப்பு, வாக்கெடுப்பு நடந்ததா, நடக்காவிட்டால் நீங்கள் கேட்டீர்களா? பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். பிரதியை மாவட்டத்தின் மற்ற ஐந்து உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். கோப்பாய்க்கு ஒருவர், நல்லூருக்கு ஒருவர் என்று இப்போது இல்லை. 2024 தேர்தலில் கிளிநொச்சியையும் சேர்த்து யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு பேர், ஆறு பேரும் உங்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். அடுத்த முறை இப்படி ஒரு சட்டமூலம் வரும்போது அந்த ஆறு பேரில் யார் எழுந்து வாக்கெடுப்புக் கேட்பார் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.