டீசல் பட்டறை: ஏத்தத்தில் நின்றால் எடுக்காத வண்டி

குமுளியில் பட்டறை நடத்தும் டீசல் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, எனக்குச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம். வண்டி 2014 மாடல் டீசல் கார், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் வகை). டிசம்பர் பிறந்ததில் இருந்து காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது. நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுக்கும். போன வாரம் ஒருநாள் எடுக்கவே இல்லை. எங்கள் முற்றம் நல்ல ஏத்தம், முன்பக்கம் மேலே பார்க்கத்தான் நிறுத்த முடியும். கம்பத்தில் மாமனார் வீட்டில் ராத்திரி நிறுத்தினால் மறுநாள் ஒரே சாவியில் எடுத்துவிடுகிறது. இங்கே ஒரு பட்டறையில் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். நாலு இன்ஜெக்டரின் விலையில் தோட்டத்துக்கு ஒரு சீசன் உரம் வாங்கலாம். நோய் எது என்று தெரியாமல் பாகத்தை மாற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கம்பத்தில் எடுக்கிறது, சக்குபள்ளத்தில் எடுக்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே வண்டிக்கு இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று, கம்பத்தில் வண்டி சமதளத்தில் நிற்கிறது. இன்னொன்று, கம்பத்தில் குளிர் இல்லை. முதலில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே ரோட்டோரம் சமமான இடம் பார்த்து ஒரு ராத்திரி நிறுத்துங்கள். குளிர் அதே குளிர், ஏத்தம் மட்டும் இல்லை. காலையில் சட்டென்று எடுத்தால் கோளாறு ஏத்தத்தில். அப்போதும் மக்கர் செய்தால் கோளாறு குளிரில்.

செல்ஃப் அடிக்கும்போது வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் இல்லை. கொஞ்சம்கூடப் புகை இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

ஏத்தத்தில்தான் கோளாறு என்றால் நடப்பது இது. டாங்க் பின்னால் தாழ்ந்து கிடக்கிறது, இன்ஜின் மேலே நிற்கிறது. லைனில் எங்கேயோ மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் போதும், ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டாங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்ப் உறிஞ்சினால் வருவது காற்று. உறிஞ்சும் பக்கத்து லைன் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் பலர் கண்ணில் இது படுவதில்லை. சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் மோட்டார் சத்தம் கேட்கிற வண்டி என்றால் டாங்குக்குள் பம்ப் இருக்கிறது. அந்த வகையில், ஓடும்போது லீக் வெளியே ஈரமாகத் தெரிந்துவிடும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

காற்று புகும் இடங்கள் எனக்கு மனப்பாடம். டீசல் ஃபில்டர் மூடியின் ரப்பர் ரிங், கையால் அழுத்தும் பிரைமர் பம்ப், குழாய் 'கிளிக்' என்று மாட்டும் ஜாயின்ட்டின் ஓ-ரிங், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்ப இன்ஜெக்டர் தலையில் வரும் சின்ன ரிட்டர்ன் குழாய். சர்வீசில் ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் முதல் சந்தேகம் அந்த ரப்பர் ரிங்தான். புது ஃபில்டரோடு புது ரிங் வரும். பழையதையே திருப்பிப் போட்டு முறுக்கிவிடுகிற கை நிறைய உண்டு.

உங்கள் வண்டியில் கை பிரைமர் இருந்தால், ஏத்தத்தில் நின்ற ராத்திரிக்கு அடுத்த காலை, சாவி போடும் முன் அதை அழுத்துங்கள். நல்ல வண்டியில் இரண்டு மூன்று அழுத்தலில் கல்லாகிவிடும். தொளதொளவென்று இருந்து, பத்துப் பதினைந்து அழுத்தலுக்குப் பிறகே இறுகி, உடனே வண்டியும் எடுத்துவிட்டால் காற்று என்பது உறுதி. எங்கே என்று கண்டுபிடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் போடச் சொல்லுங்கள். குமிழி கண்ணுக்கு முன்னால் ஓடும். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

குளிரில் கோளாறு, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் ஹீட்டர் பிளக். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. பிஸ்டன் நசுக்கும் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். குமுளியே 3,000 அடியை ஒட்டி இருக்கிறது, உங்கள் ஊர் அதற்கும் மேலே. மார்கழிக் காலையில் இன்ஜின் இரும்பு ஐஸாக இருக்கும்போது பாதிச் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். ஹீட்டர் பிளக் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. மேலே உள்ள கரன்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, பிளக் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 1 ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது கருகிவிட்டது. நாலும் சரியாக இருந்தால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றுவதாக இருந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போது, பொறுமையாக. அவசரப்பட்டு முறுக்கினால் ஒடிந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

இன்ஜெக்டர் தேய்ந்து ரிட்டர்ன் அதிகமாகிற கோளாறுக்கு ஏத்தம், சமதளம் என்ற பேதம் கிடையாது. அது கம்பத்திலும் காட்டிக்கொடுக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். நாலு ரிட்டர்ன் குழாயிலும் ஆளுக்கொரு பாட்டில் மாட்டி வண்டியை ஓட விடுவார்கள். எந்தப் பாட்டில் மட்டும் வேகமாக நிறைகிறதோ அந்த ஒன்றைக் கழற்றினால் போதும்.

கேள்வி: ஐயா, வண்டிப்பெரியாறில் இருந்து எழுதுகிறேன். பழைய ஜீப், மெக்கானிக்கல் பம்ப். மலை ஏறும்போது டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றியும் எடுக்கவில்லை.

பதில்: ஏர் பிடித்திருக்கிறது. ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை கை பம்பை அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதே வேலை. பிறகு நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடித்தால், ஒவ்வொன்றிலும் டீசல் துப்பத் தொடங்கும். துப்பியதை இறுக்கிக்கொண்டே வாருங்கள், இரண்டு மூன்று சிலிண்டர் பிடித்ததும் வண்டி எடுத்துவிடும். எடுக்கவில்லை என்றால் இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நட்டைத் தளர்த்தும் இந்த வேலையைக் காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது. ஓடும்போது அந்தப் பைப்பில் 1,600 பார் வரை அழுத்தம் வரும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால் கை போய்விடும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் கட்டப்பனையில் டீச்சர். வீட்டுக்காரர் வெளிநாட்டில். மழைக்காலம் முழுக்க டீசல் கார் ஷெட்டிலேயே நின்றது. இப்போது சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்கிறது, சுற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்கிறார்கள்.

பதில்: தள்ள வேண்டாம்மா. டைமிங் பெல்ட் வண்டியாக இருந்து, கியரைப் போட்டு இழுக்கும்போது பெல்ட் பல் தாண்டினால் வால்வு வளைந்துவிடும். ஐந்நூறு ரூபாய் வேலை இன்ஜின் வேலையாகிவிடும்.

'டக் டக்' என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினலில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறது. முதலில் டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கம்பியையும் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் இழுக்கச் சக்தி இல்லை.

வேறு காரில் இருந்து கேபிள் கொடுப்பதானால் பிளஸ்ஸோடு பிளஸ், அவர்கள் மைனஸில் கறுப்பு, கறுப்பின் மறுமுனையைக் கடைசியாக உங்கள் இன்ஜினின் வெறும் இரும்பில் பிடிக்க வேண்டும், பேட்டரியில் அல்ல.

அதற்கும் முன்னால் பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஏலக்காட்டு எலிக்கு வயரும் ரிட்டர்ன் குழாயும் பிடித்த தீனி. கடித்த வயரோடு கரன்ட் கொடுத்தால் ஆபத்து. மழை முழுக்க நின்ற வண்டி என்பதால் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்பது நன்றாகத் தெரியும்.

கேள்வி: அண்ணே, காலையில் ஒழுங்காக எடுக்கும் என் கார், மலை இறங்கி லோயர்கேம்பில் டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. ஆறினால் எடுக்கிறது. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் காட்டினால் எடுக்கும் என்கிறார் நண்பர்.

பதில்: துணியும் வேண்டாம், ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அந்த ஆவி இன்டேக்கிலேயே வெடிக்கும். முகத்தில் பட்டவர்கள் உண்டு.

சூட்டில் மட்டும் மக்கர் செய்தால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். காட்டுகிறதா பாருங்கள். நல்ல பேட்டரியில் 200ஐ ஒட்டி வர வேண்டும். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்க ஸ்கேனர் பூஜ்யம் காட்டினால் சென்சார், அல்லது அதன் வயர். ஆர்.பி.எம். வருகிறது, ரெயில் பிரஷர் ஏறவில்லை என்றால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்ய இதுதான் நேரம், சூட்டோடு சூடாகச் செய்யச் சொல்லுங்கள். ஆறவைத்துச் செய்தால் டீசல் கெட்டியாகி எல்லாப் பாட்டிலும் யோக்கியமாகத் தெரியும்.