யோசனை கூடினால் எங்கே போவது? – வாசகர் கேள்வி பதில்

போர் கண்ட ஊர்களின் மனநலப் பணிக்கு வேறு நாட்டு நகரங்கள் கைகொடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இந்த இதழில்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு வெளிநாட்டு நகரசபை ஒன்று மனநலப் பயிற்சி தர முன்வந்திருக்கிறது. நான்கு பேர் வந்து 10 நாள் வகுப்பு நடத்துவார்களாம். ஒத்துக்கொள்ளலாமா? (வாசகி, கிளிநொச்சி)

ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினோராம் நாளிலிருந்து என்ன நடக்கும் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட உதவி வீணாய்ப் போகிற இடம் அதுதான். வகுப்பு நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள், வந்தவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். மூன்றாவது வாரம் ஒரு தாய் வந்து "சாகலாம் போலக் கிடக்கு" என்பார். பயிற்சி பெற்ற பெண்ணுக்கு அந்த நேரத்தில் கேட்க ஆள் இருக்காது. பயந்துபோய் அடுத்த வாரம் பணிக்கே வரமாட்டார். குறை அவருடையது அல்ல, திட்டம் போட்டவர்களுடையது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பி.எம். பிளஸ்' (பிரச்சினை கையாளுதல் பிளஸ்) என்ற மனநல உதவி முறையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்கள் நடத்துவதற்கென்றே வடிவமைத்தது அது. ஒருவருக்கு வாரம் ஒன்றாக 5 சந்திப்புகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூச்சை நிதானப்படுத்துவது, பிரச்சினையைக் கையாள்வது, முடங்கிக் கிடப்பவர் சின்ன வேலைகளை மறுபடி தொடங்குவது, ஆள் துணையைத் தேடிக்கொள்வது, கடைசியில் மறுபடி சறுக்காமல் பார்த்துக்கொள்வது. பெஷாவரிலும் நைரோபியிலும் சோதித்துப் பயன் கண்ட முறை. வகுப்பு சுமார் 80 மணி நேரம். அதோடு முடிவதில்லை. ஆசிரியரின் நெருங்கிய மேற்பார்வையில் இரண்டு பேருக்கு நடத்திப் பழக வேண்டும், அதன்பின் வாரம் 2 முதல் 3 மணி நேரம் குழு மேற்பார்வை. அந்த மேற்பார்வைதான் இதன் முதுகெலும்பு.

ஆகவே நகரசபையிடம் கேட்க வேண்டியது இது: ஓராண்டுக்கு வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் காணொளி வழியாக மேற்பார்வை. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஆள் மாறினால் வாரத்துக்கு வாரம் சொற்களும் மாறிப்போகும். ஆறு மாதம் ஆனதும் உங்களில் இருவரை மேற்பார்வையாளராக வளர்த்தெடுக்க வேண்டும். பணியாளர்களின் பஸ் காசும் நேரத்துக்கான படியும் திட்டச் செலவில் வரவேண்டும். இவற்றுக்கு அவர்கள் தயங்கினால், நான்கு பேர் வருகிற விமானச் செலவுக்குப் பதில் ஒருவர் மட்டும் வரட்டும், மிச்சப் பணத்தை மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே மனச்சோர்வைக் குணப்படுத்துவதாகப் படித்தேன். நம்பலாமா? (வாசகர், திருச்சி)

நம்பலாம், அளந்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் சிறுகடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதர் கணக்கிட்டார். அதில் நொந்தவர்களைக் கவனிக்க மறு ஆண்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரோடு பணியைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்குள் இடமில்லாததால் பெஞ்சு வெளியே போனது. முதலில் 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார்கள். யாரும் உட்கார வரவில்லை. 'நட்பு பெஞ்சு' என்று மாற்றிய பிறகுதான் வந்தார்கள். நகரின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் அது சுமார் 14 சதவீதம்தான். பிறகு நியூயார்க் நகரம் இதைத் தன் தெருக்களுக்கு எடுத்துக்கொண்டது. பணக்கார ஊர்தான் எப்போதும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில்லை.

மனச்சோர்வுக் கேள்வித்தாளை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தோம். எல்லோரும் "இல்லை" என்றே பதில் சொல்கிறார்கள். எங்கே தவறு? (உளவளத்துணையாளர், யாழ்ப்பாணம்)

"மனச்சோர்வாக இருக்கிறீர்களா" என்று கேட்டிருப்பீர்கள். ஊரில் யாரும் அந்தச் சொல்லால் தன் துன்பத்தைச் சொல்வதில்லை. "ஒரே யோசனை", "நெஞ்சு இடிக்குது", "ஏலாமல் கிடக்கு" என்பார்கள். ஹராரேயிலும் இதேதான். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது. அங்கே பாட்டிமார் பயன்படுத்தும் 14 கேள்விகளில் முதலாவதே அதைப் பற்றியதுதான். யாழ்ப்பாணத்து 'யோசனை'க்கு இவ்வளவு பக்கத்துச் சொல் ஷோனாவில் இருக்கிறது!

தாளை ஓரமாக வையுங்கள். சுகமில்லாதவர்களையும் அவர்களுடைய வீட்டாரையுமாக ஒரு இருபது பேரிடம், போருக்குப் பிறகு வந்த கஷ்டத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தச் சொற்களைக் கொண்டு கேள்விகளைத் திருத்துங்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மறுபடி ஆங்கிலத்தில் எழுதட்டும், பொருள் எங்கே நழுவியது என்று தெரியும். கடைசியாகப் பத்துப் பேரிடம் கேள்வியை வாசித்து, "இதில் என்ன கேட்கிறோம் என்று விளங்குகிறது?" என்று கேளுங்கள். இன்னொன்று: 14 கேள்விகளில் 9க்கு "ஆம்" என்றால் உதவி தேவை என்று ஹராரேயில் வைத்த எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊரில் ஒரு மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டுத்தான் எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களிடம் 'பிரச்சினையைத் தீர்ப்பது' பற்றி எப்படிப் பேசுவது? (வாசகி, வவுனியா)

அந்தப் பிரச்சினையைத் தீர்க்க உங்களால் முடியாது, அவராலும் முடியாது. அதை மறைக்காமல் ஒத்துக்கொள்வதுதான் தொடக்கம். ஒரு பெண் நான்கு கவலைகளோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கணவரைப் பற்றித் தகவல் இல்லை, நுண்கடன் தவணை வெள்ளிக்கிழமை, மகன் பள்ளிக்கூடம் போவதில்லை, கிணற்று மோட்டார் பழுது. புதிதாகப் பயிற்சி பெற்றவர் மிகப் பெரிய கவலையைப் பிடித்துக்கொள்வார், அங்கேயே இருவரும் அமிழ்ந்துபோவார்கள். நான்கையும் தாளில் எழுதுங்கள். அவர் கை வைத்தால் அசையக்கூடியது எது என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் மோட்டாரைத்தான் காட்டுவார். யாரிடம் போவது, எந்த நாள், கூட யார் வருவார் என்பது வரை அவர் வாயால் வரட்டும், நீங்கள் புத்தி சொல்ல வேண்டாம். மோட்டார் ஓடினால் அடுத்த வாரம் தவணையைப் பற்றிப் பேசும் தெம்பு வந்துவிடும்.

கணவர் பற்றிப் பேச்சு வரும்போது கேளுங்கள், அவசரப்படாமல் கேளுங்கள். "இனி வரமாட்டார், திவசம் செய்துவிடுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்து போராட்டம் தொடங்கியது பதில் கேட்டுத்தான். அதை நோய் என்று பெயரிடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

ஊருக்கு மனநல மருத்துவமனை கட்ட நிதி திரட்டுகிறோம். நல்ல யோசனைதானே? (வாசகர், டொரொண்டோ)

கட்டடத்துக்கு வேண்டாம். போர் கண்ட நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்கிட்டது. அதிலும் பாதிக்கு மேல் லேசானவை. இத்தனை பேரை எந்தக் கட்டடமும் தாங்காது. இத்தாலியின் திரியெஸ்தே நகரம் சுமார் 1,200 பேர் அடைபட்டிருந்த தன் மனநல மருத்துவமனையை 1971 முதல் படிப்படியாகக் காலிசெய்து, சில கட்டில்களோடு இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு நிலையங்களை ஊருக்குள் வைத்தது. சேர்த்த நிதியை இரண்டு பணியாளர்களின் ஐந்தாண்டுச் சம்பளமாகவும், வீடு வீடாகப் போக மோட்டார் சைக்கிளாகவும் மாற்றுங்கள்.

குண்டுவெடிப்பில் தப்பியவரைத் தூக்க மாத்திரை கொடுத்து உறங்கவைப்பது சரியா? (வாசகர், மதுரை)

முதல் ஒரு மாதத்தில் டயசிபாம் வகை மாத்திரைகள் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். நடந்ததை உடனே முழுக்கச் சொல்லும்படி வற்புறுத்துவதும் கூடாது. சாப்பாடு, படுக்க இடம், வீட்டாரோடு ஒரு போன் பேச்சு, பக்கத்தில் ஒரு ஆள். முதல் நாட்களுக்கு இவை போதும்.

பேச வந்தவர் சாகப்போகிறேன் என்றால் உதவியாளர் என்ன செய்வது? (வாசகி, முல்லைத்தீவு)

"தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டாரில் ஒருவரை அழைத்து, தோட்டத்து நஞ்சு மருந்துப் போத்தலை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கூடவே போய் அவரை வைத்தியசாலையில் சேர்த்துவிடுங்கள். மனநல வைத்திய அதிகாரியின் தொலைபேசி எண் உதவியாளர் ஒவ்வொருவரின் போனிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். அன்று மாலையே மேற்பார்வையாளர் அந்த உதவியாளரையும் அழைத்துப் பேச வேண்டும், அடுத்த வாரக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது.