நீச்சல் குளப் பம்பு பழுதானால் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா?

பினாங்கின் கடலோரப் பகுதியான பத்து ஃபெரிங்கியில் உள்ள வீட்டில் குளத்துப் பம்பு உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்கிறீர்கள். அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். உள்ளே இலை, குப்பை சிக்கவில்லையென்றால் பெரும்பாலும் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், மலிவான சாமான். (சுவிட்சை அடைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், எலக்ட்ரீஷியனே தொடட்டும்.) மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே நீர் சொட்டினால் நீர் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற பாகத்தை மாற்றினால் போதும். அதை வாரக்கணக்கில் அப்படியே விட்டிருந்தால் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கும் கெட்டிருக்கலாம், கிறீச்சென்று சத்தம் வரும்.

மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ கருகிய வாடை அடித்தால் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, புதிதுதான். கடல் காற்றில் துருவேறிய பழைய மோட்டாருக்குக் காயில் கட்டுவது வீண் செலவு. அப்புறம், வாங்குவதென்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பாகப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் கணக்குப்படி மின்சாரம் ஏறக்குறைய 8-இல் 1 பங்குதான் இழுக்கும். கூடுதல் நேரம் ஓடவிட வேண்டும், ஆனாலும் பில் குறையும்.